அரசியல் ஆராய்ச்சிக்கு ஒரு விண்ணப்பம்

பொறியியல் பயிலவும் மருத்துவம் பயிலவும் கடல் கடந்து செல்லும் இளைஞர்களைப் பற்றி நம் நாட்டில் பேசாத வீடில்லை. ஆனால், ‘அரசியல் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெறுவதற்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் அனுப்பப் போகிறேன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், வீட்டிலுள்ளோர் வியப்படைகின்றனர். ‘அரசியலைப் படிக்கவா அத்தனை தூரம்? அதுதான் நம் தெருமுனையிலேயே நடக்கிறதே!’ என்று கேட்கின்றனர். இவ்வியப்பு நியாயமானதே. தெருமுனையில் நடப்பதைக் கண்ணால் காண்பது வேறு. அது ஏன் அவ்வாறு நடக்கிறது என்பதை ஆராய்ந்து, பிறர் ஒப்புமாறு சான்று காட்டி நிலைநாட்டுவது வேறு. பின்னதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைத் தரும் கூடங்களுக்குள் நுழையும் வழியாது, நுழையுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை யாவை என்பவற்றையே இன்று உங்களுடன் பேச விழைகிறேன்.

அமெரிக்காவை ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இத்துறையில் ஒழுங்கான ஆராய்ச்சிப் பயிற்சியை முதன்முதலில் பெருமளவில் அமைத்துக்கொண்ட நாடுகளுள் அது ஒன்று. ஆயினும், அங்கும் அது தானாக முளைத்த பயிர் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியை நாடிய அமெரிக்க இளைஞர்கள், இன்று நம் பிள்ளைகள் செய்வதைப் போலவே, கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்றார்கள். 1876-இல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஜெர்மானிய முறையைத் தழுவித் திறக்கப்பட்டது. 1880-இல், ஜெர்மனியில் பயின்று திரும்பிய ஜான் பர்ஜெஸ் என்பவர் நியூயார்க்கில் கொலம்பியாக் கல்லூரியில் அரசியல் விஞ்ஞானப் பள்ளியை நிறுவினார். 1903-இல் அமெரிக்க அரசியல் விஞ்ஞானச் சங்கம் தோன்றியது. மூன்று ஆண்டுகளில், 1906-இல், அது தனக்கென ஓர் ஆராய்ச்சி இதழையும் தொடங்கியது. பர்ஜெஸ் தொடங்கிய அந்தக் கொலம்பியாவுக்குத்தான் 1913-இல் பரோடா சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளத்தைப் பெற்று நம் நாட்டு இளைஞர் ஒருவர் சென்றார். பின்னாளில் நம் அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் அம்பேத்கரே அவர். ஆகவே இப்பாதை நமக்கு முற்றிலும் புதிதன்று.

இனி, அங்கே கற்பிக்கப்படுவது யாது என்று பார்ப்போம். பெரும்பாலான துறைகளில் அரசியல் விஞ்ஞானத்தை ஐந்து கிளைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்க அரசியல் ஒன்று. பல நாட்டு அரசியல்களை ஒப்பிட்டு நோக்கும் ஒப்பியல் அரசியல் இரண்டு. போர், சமாதானம், வாணிபம் முதலியவற்றை ஆராயும் பன்னாட்டு உறவுகள் மூன்று. நீதி, உரிமை, அதிகாரம் என்பன பற்றிச் சிந்திக்கும் அரசியல் தத்துவம் நான்கு. புள்ளியியல் முதலிய கருவிகளைக் கற்பிக்கும் ஆராய்ச்சி முறை ஐந்து. நம் கல்லூரிகளில் அரசியல் பாடம் என்றால் அரசியல் சட்டத்தின் பிரிவுகளையும் அறிஞர்களின் கொள்கைகளையும் மனத்தில் இருத்துவதே பெரும்பகுதியாக இருக்கும். அங்கேயோ முதலாண்டிலேயே புள்ளியியல் வந்து நிற்கும். பல துறைகளில் வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே கணிதத்தைப் புதுப்பிக்கச் சில வாரப் பயிற்சி வைக்கிறார்கள். கணிதம் என்றால் ஓடி ஒளிபவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதலிரண்டு ஆண்டுகள் வகுப்புகள்; பின்னர்த் தம் கிளைகளில் கடுமையான பொதுத் தேர்வு; அதன்பின் ஆராய்ச்சித் திட்டத்தை ஆசிரியர் குழுவின்முன் வைத்து ஒப்புதல் பெறுதல்; அதற்குப் பின்னரே களப்பணியும் ஆய்வேடும். இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் நடைமுறை வேறு. அங்கெல்லாம் விண்ணப்பிக்கும்பொழுதே முழு ஆய்வுத் திட்டத்தையும் எழுதி, வழிகாட்டும் பேராசிரியர் ஒருவரின் இசைவையும் நாட வேண்டியிருக்கும். காலமும் மூன்று நான்கு ஆண்டுகளே. அமெரிக்காவில் ஒரு தனி ஆசிரியர் மாணவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. துறையின் சேர்க்கைக் குழுவே தேர்ந்தெடுக்கிறது. இவ்வேறுபாட்டை உணராமல், ஒரே விண்ணப்பத்தை இரு திசைகளுக்கும் அனுப்புவோர் இரண்டு இடத்திலும் ஏமாற்றமடைவர்.

விண்ணப்பம் என்பது யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற முடிவுக்கு அடிப்படை. அம்முடிவு எக்காலத்தும் தகுதியை மட்டும் பார்த்து எடுக்கப்பட்டதில்லை. இதற்கு இருவருடைய வரலாற்றைச் சொல்கிறேன். இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள்.

ஒருவர் ரால்ஃப் பஞ்ச். கறுப்பினத்தவர். இளமையிலேயே தாயை இழந்து பாட்டியாரின் வளர்ப்பில் வளர்ந்தவர். 1927-இல் இளங்கலைப் பட்டம் பெற்றதும் ஹார்வர்டில் மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால், இருந்து உண்பதற்குப் பணம் வேண்டுமே? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் தமக்குள் நிதி திரட்டி ஆயிரம் டாலர் சேர்த்து அவரை அனுப்பி வைத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சி நடந்த இரு பகுதிகளின் நிர்வாகத்தை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1934-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் அரசியல் விஞ்ஞானத்தில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பாலஸ்தீனப் போர்நிறுத்தத்தை நடத்தி வைத்ததற்காக 1950-இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. முன்பு நான் குறிப்பிட்ட அமெரிக்க அரசியல் விஞ்ஞானச் சங்கத்துக்குப் பின்னர் அவர் தலைவருமானார். அவ்வாயிரம் டாலரைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் செல்வர்கள் அல்லர். ஓர் இளைஞனின் படிப்பைத் தம் படிப்பாகக் கருதினார்கள், அவ்வளவுதான்.

மற்றொருவர் எலினார் ஆஸ்ட்ராம் அம்மையார். 1933-இல் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில், ‘பெண்களுக்கு இது எதற்கு?’ என்று சொல்லி அவரை மேற்கணிதம் படிக்க விடவில்லை. பிற்காலத்தில் அவர் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க விரும்பியபொழுது, ‘கணிதம் போதாது’ என்று பொருளாதாரத் துறை கதவடைத்தது. அவர் அரசியல் விஞ்ஞானத்தின் பக்கம் திரும்பினார். அங்கும் பெண்களைச் சேர்ப்பதைப் பற்றி ஆசிரியர்களுக்குள் பூசல் எழுந்தது. அவ்வாண்டு சேர்ந்த நாற்பது பேரில் பெண்கள் நால்வர் என்று அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் தெரிவித்திருக்கிறார். 1965-இல் பட்டம் பெற்ற அவருக்கு, 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. எத்துறையில் தெரியுமா? பொருளாதாரத்தில்! அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. ஒருமுறை அடைக்கப்பட்ட கதவு ஒருவருடைய அறிவின் அளவைக் காட்டுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அவ்வம்மையாரின் ஆய்வேடு எதைப் பற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் விண்ணப்பத்தின் உயிர்நாடி எது என்பதை அது விளக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒட்டிய கடலோரப் பகுதியில் பலரும் கிணறு தோண்டி நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். நீர்மட்டம் தாழ்ந்தது, கடல்நீர் உள்ளே புகுந்தது. ஒருவர் மட்டும் இறைப்பதைக் குறைத்தால் அவருக்கு நட்டம், மற்றவர்க்கு லாபம். ஆகவே எவரும் குறைக்க மாட்டார். முடிவில் எல்லோருடைய கிணறும் உப்பாகும். இப்படித்தான் நடக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். ஆனால், அங்கே அப்படி முடியவில்லை. கிணற்றுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். நீதிமன்றத்தின் வாயிலாக உடன்பாடு கண்டார்கள். பொது அமைப்பு ஒன்றை ஏற்படுத்தினார்கள். கரையோரம் நல்ல நீரை நிலத்துக்குள் செலுத்திக் கடல்நீருக்கு அணை கட்டினார்கள். இது எவ்வாறு இயன்றது? தம்முள் போட்டியிடுவோர் கூடித் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டது எங்ஙனம்? இதுவே அவர் கேட்ட கேள்வி. ஏரிப் பாசனமும் குடிமராமத்தும் அறிந்த நமக்கு இக்கேள்வியின் சுவை எளிதில் விளங்கும்.

கவனியுங்கள்: ‘நிலத்தடி நீர்’ என்பது ஒரு தலைப்பு. ‘கெட்டிருக்க வேண்டிய நீர் ஏன் கெடவில்லை?’ என்பது ஒரு கேள்வி. விண்ணப்பதாரர் பலர் தலைப்போடு நின்றுவிடுகின்றனர். ‘எனக்கு ஜனநாயகத்தில் ஆர்வம், பெண்கள் முன்னேற்றத்தில் ஆர்வம், இந்திய அரசியலில் ஆர்வம்’ என்று எழுதுகின்றனர். ஆர்வம் யாருக்குத்தான் இல்லை? குழுவினர் தேடுவது, வியப்பும் சான்றும் கலந்த ஒரு கேள்வியை. நம் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. பெண் தலைவர்களால் ஊருக்கு வேறுபாடு உண்டா? உண்டு என்பார் சிலர். கணவன்மாரே ஆள்கின்றனர் என்பார் சிலர். ராகவேந்திர சட்டோபாத்தியாய், எஸ்தர் டுஃப்லோ என்னும் இரு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் இதற்கு விடை காண முயன்றனர். எந்த ஊருக்கு ஒதுக்கீடு என்பது திருவுளச்சீட்டுப் போல முறைவைத்து அமைந்ததால், ஒதுக்கப்பட்ட ஊரும் ஒதுக்கப்படாத ஊரும் மற்றெல்லா வகையிலும் ஒத்திருக்கும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானத்திலும் 265 ஊராட்சிகளை ஒப்பிட்டார்கள். பெண் தலைவர் இருக்கும் ஊரில், பெண்கள் மிகுதியும் முறையிடும் தேவைகளுக்கே, குறிப்பாகக் குடிநீருக்கு, மேலும் பொருள் செலவிடப்பட்டது என்று காட்டினார்கள். கேள்வி பழையது, அதைக் கேட்ட முறை புதியது. இத்தகைய முறைகளைக் கற்கத்தான் பள்ளிக்குச் செல்கிறோம்.

இனி விண்ணப்பத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது மதிப்பெண் பட்டியல். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நூற்றுக்கு அறுபது பெற்றால் முதல் வகுப்பு. தொண்ணூறுக்கு மேலேயே பார்த்துப் பழகிய அயல்நாட்டார்க்கு அறுபத்தைந்து குறைவாகத் தோன்றும். ஆகவே நம் மதிப்பீட்டு முறையைப் பரிந்துரைக் கடிதத்தில் ஆசிரியர் ஓரிரு வரிகளில் விளக்கிவிடுவது பயனளிக்கும். மதிப்பெண்ணை நாமே அவர்கள் கணக்குக்கு மாற்றி எழுதுதல் கூடாது. எவ்வாறு அனுப்பச் சொல்கிறார்களோ அவ்வாறே அனுப்புதல் வேண்டும். மற்றொன்று: அமெரிக்காவில் இளங்கலை நான்காண்டு, இங்கே பெரும்பாலும் மூன்றாண்டு. சில பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் ஏற்பதில்லை. முதுகலையும் முடித்தவர்க்கு இத்தொல்லை பெரும்பாலும் எழாது. அமெரிக்க மாணவர்க்கோ டாக்டர் வகுப்பில் சேர முதுகலை தேவையில்லை. இளங்கலை முடித்ததும் நேரே சேரலாம்.

இரண்டாவது தேர்வுகள். ஜி.ஆர்.இ. என்னும் பொதுத்தேர்வு 1930-களில் தோன்றியது. சொல்லறிவு, கணக்கு, பகுப்பாய்வு எழுத்து என்று அதற்கு மூன்று பகுதிகள். 2023 செப்டம்பர் முதல் அது இரண்டு மணி நேரத்துக்குள் முடியுமாறு சுருக்கப்பட்டது. 2020-இல் தொற்றுநோய் பரவியபொழுது பல துறைகள் இத்தேர்வைக் கட்டாயமில்லை என்று விட்டன. பின்னர்ச் சில துறைகள் மீண்டும் கேட்கத் தொடங்கின. ஆகையால் ஒவ்வொரு துறையின் அறிவிப்பையும் அவ்வாண்டே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்ற ஆண்டு சென்றவரின் சொல்லை நம்பியிருத்தல் போதாது. ஆங்கிலத் தேர்ச்சிக்கு டோஃபெல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். எழுத வேண்டியிருக்கும். ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்க்குச் சில இடங்களில் விலக்கு உண்டு.

மூன்றாவது நோக்கக் கட்டுரை. இரண்டு பக்கம் இருக்கும். இதில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். பிறந்தது முதல் நடந்தவற்றை எழுதுவதும், நாட்டுக்குத் தொண்டு செய்வேன் என்று சூளுரைப்பதும், பல்கலைக்கழகத்தின் பெருமையைப் பல்கலைக்கழகத்துக்கே எடுத்துரைப்பதும் இங்கே வேண்டாதவை. எக்கேள்வியை ஆராய விரும்புகிறேன். அக்கேள்விக்கு இதுவரை பிறர் சொன்ன விடைகள் யாவை. அவை எவ்விடத்தில் போதாமல் இருக்கின்றன. அதை ஆராய எனக்கு இப்பொழுது என்ன பயிற்சி இருக்கிறது, இன்னும் என்ன பயிற்சி வேண்டும். இத்துறையில் யார் யாருடைய ஆராய்ச்சி அதற்குத் துணையாகும் — இவ்வளவே சொல்லத் தக்கவை. ஆசிரியரின் பெயரைக் குறிப்பிடுமுன் அவருடைய நூலையோ கட்டுரையையோ படித்திருக்க வேண்டும். படிக்காமல் எழுதிய பெயர் படித்தவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். பின்னர் அக்கேள்வியை மாற்றிக்கொள்ள எவரும் தடை சொல்வதில்லை. மாணவர் பலர் மாற்றிக்கொள்ளவே செய்கின்றனர். ஒரு கேள்வியை உருவாக்கத் தெரிந்தவரா என்பதைத்தான் குழுவினர் பார்க்கின்றனர்.

இக்கட்டுரையை எழுதித் தருவதற்கென்றே பணம் வாங்குவோர் இருக்கின்றனர். இப்பொழுது கணினியே எழுதித் தருகிறது. பிறர் எழுதிய கட்டுரையால் ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆறாண்டுக்காலம் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை எழுதுவதும் சிந்திப்பதுமே அல்லவா? அவற்றை யாரிடம் கடன் வாங்குவார்? தம் கேள்வியைத் தாமே இரண்டு பக்கம் எழுத மனம் ஒப்பாதவர்க்கு அக்கேள்வியோடு ஆறாண்டு வாழ மனம் ஒப்பாது. அதை முன்னரே அறிந்து விலகிக்கொள்வது அவருக்கு லாபமே.

நான்காவது எழுத்து மாதிரி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பதினைந்து முதல் முப்பது பக்கம் வரையில், தாமே செய்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை அனுப்ப வேண்டும். நம் கல்லூரிகளில் இத்தகைய கட்டுரை எழுதும் வாய்ப்புக் குறைவு. தேர்வு விடைகளே மிகுதி. ஆகையால் விண்ணப்பிக்க எண்ணுவோர் ஓராண்டுக்கு முன்பே ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு உழைக்கத் தொடங்க வேண்டும். தம் தொகுதியின் தேர்தல் கணக்குகள் தேர்தல் ஆணையத்தின் ஏடுகளில் கிடைக்கின்றன. சட்டமன்ற விவாதங்கள் அச்சில் இருக்கின்றன. ஊராட்சியின் தீர்மானப் புத்தகம் கிராமத்திலேயே இருக்கிறது. இவற்றில் எதையும் கொண்டு நல்ல கட்டுரை எழுதலாம். மார்கரீட் ராஸ் பார்னெட் என்னும் கறுப்பின அமெரிக்கப் பெண்மணி, சிகாகோப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், நம் திராவிட இயக்கத்தை ஆராய்ந்து 1976-இல் ஒரு நூல் வெளியிட்டார். எங்கிருந்தோ வந்தவர்க்கு ஆராய்ச்சிப் பொருளாகத் தென்பட்ட நம் ஊர், நம் கண்ணுக்குப் பொருளாகத் தோன்றாமற் போவானேன்? தமிழ்ச் செய்தித்தாளையும் தமிழ் மேடைப் பேச்சையும் நேரே படித்துணர வல்லவர்க்கு அது பெரிய மூலதனம். விண்ணப்பத்தில் அதை நாணாமல் எடுத்துரைக்க வேண்டும்.

ஐந்தாவது பரிந்துரைக் கடிதங்கள், வழக்கமாக மூன்று. இதைப் பற்றி மாணவர்களைவிட ஆசிரியர்களிடமே நான் பேச வேண்டும். நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. மாணவன் வந்து கடிதம் கேட்டால், ‘நீயே எழுதிக்கொண்டு வா அப்பா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்கிறோம். ஒரே நடையில் மூன்று கடிதங்கள், மூன்றிலும் ‘நன்னடத்தை உள்ளவர், சுறுசுறுப்பானவர், வகுப்பில் முதல் மாணவர்’ என்னும் புகழுரைகள். இவற்றைப் படிக்கும் குழு எதையும் நம்பாது. அமெரிக்கச் சட்டம் ஒன்று, 1974-இல் இயற்றப்பட்டது, தம்மைப் பற்றிய பதிவுகளைப் பார்க்கும் உரிமையை மாணவர்க்கு வழங்குகிறது. கடிதத்தைப் பார்க்கும் அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கிறீரா என்று விண்ணப்பத்திலேயே கேட்பர், பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கின்றனர். ஏனெனில் மறைவாக எழுதிய கடிதத்துக்கே அங்கு மதிப்பு. ஆசிரியப் பெருமக்கள் தயைகூர்ந்து ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இம்மாணவி வகுப்பில் எக்கேள்வியைக் கேட்டாள். எந்தக் கட்டுரையை எப்படித் திருத்தி எழுதினாள். தன் கருத்து தவறென்று கண்டபொழுது என்ன செய்தாள் — இப்படி ஒரு நிகழ்ச்சியை உள்ளபடி எழுதினால் அது பத்துப் புகழுரைக்கு மேலாகும். மாணவர்களும் கெடுநாளுக்கு முந்தின இரவில் ஆசிரியர் வீட்டுக் கதவைத் தட்டலாகாது. இரண்டு திங்களுக்கு முன்பே கட்டுரையையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். கெடுநாள் பெரும்பாலும் டிசம்பரில் வரும்.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஏறக்குறைய நூறு டாலர் கட்டணம் ஆகும். பத்து இடங்களுக்கு அனுப்பினால் அது ஓர் எளிய குடும்பத்தின் பல மாத வருவாய். இயலாதவர்க்குக் கட்டணத்தை நீக்கும் ஏற்பாடு சில பல்கலைக்கழகங்களில் உண்டு, கேட்பதில் இழிவில்லை. உள்ளே சேர்ந்தபின் நிலைமை வேறு. நல்ல துறைகள் டாக்டர் வகுப்பு மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதைத் தள்ளுபடி செய்து, பாடம் கற்பிப்பதில் உதவுவதற்காகவும் ஆராய்ச்சியில் உதவுவதற்காகவும் உதவித்தொகையும் தருகின்றன. விசாவுக்குக் காட்ட வேண்டிய பொருள்வசதிச் சான்றாகவும் அது பயன்படும். எனவே ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: உதவித்தொகை இல்லாமல் வெறும் அனுமதி மட்டும் வந்தால், வீட்டை அடகு வைத்து டாக்டர் பட்டத்துக்குச் செல்ல வேண்டாம். முதுகலை வகுப்புகளுக்குப் பெரும்பாலும் உதவித்தொகை இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் கேட்கும் கடைசிக் கேள்வி, ‘படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?’ என்பது. இதற்கு இனிப்பான விடை சொல்லிப் பயனில்லை. டாக்டர் பட்டம் பெறுவோர் தொகைக்கு ஏற்பப் பேராசிரியர் பதவிகள் அங்கே இல்லை. நிலையான பதவி கிடைக்காமல் ஆண்டுதோறும் இடம் மாறுவோர் உளர். அரசாங்க அலுவலிலும், ஆய்வு நிறுவனங்களிலும், கணினிப் புள்ளிவிவரத் தொழிலிலும் சேர்வோர் உளர். 2025-இல் அமெரிக்க அரசாங்கத்தின் நிதிக்குறைப்பை ஒட்டிப் பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவே டாக்டர் வகுப்புச் சேர்க்கையைக் குறைத்துக்கொண்டன. ஆகவே, ‘பேராசிரியர் பதவி கிட்டாவிட்டாலும் இந்த ஆறாண்டுப் படிப்பு எனக்குத் தகுமா?’ என்று தம்மைத் தாமே கேட்டு, ‘தகும்’ என்று விடை வருபவர் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். அவ்விடை வராதவர்க்கு வேறு வழிகள் இல்லாமலில்லை. நம் நாட்டிலேயே தேசியத் தகுதித் தேர்வில் வென்று ஆராய்ச்சி உதவித்தொகை பெறலாம். சட்டம், பத்திரிகை, ஆட்சிப்பணி ஆகியவையும் அரசியலை அறிவோர்க்குரிய களங்களே.

விண்ணப்பங்களின் முடிவு பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் வரத் தொடங்கும். புகழ்பெற்ற துறைகளுக்குச் சில நூறு விண்ணப்பங்கள் வருகின்றன. சேர்பவர் பதினைந்து இருபது பேரே. ஆகவே மறுப்புக் கடிதமே மிகுதியாக வரும். அதில் காரணமும் எழுதியிராது. அவ்வாண்டு அத்துறையில் நம் பொருளை வழிநடத்துவார் விடுப்பில் இருக்கலாம். ஒப்பியல் அரசியலுக்கு முந்தின ஆண்டே பலரைச் சேர்த்திருக்கலாம். இவை நமக்குத் தெரிய வழியில்லை. மறுப்பு வந்த வீட்டில் எவரும் பிள்ளையைக் குறைசொல்ல வேண்டாம். மீண்டும் ஓராண்டு உழைத்து, எழுத்து மாதிரியைச் செம்மை செய்து, மறுமுறை அனுப்பி இடம் பெற்றோர் பலர்.

அனுமதி வந்தவர்க்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கழகம் ஏற்படுத்திய உடன்பாட்டின்படி, அதில் கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15-ஆம் நாளுக்கு முன்னர் விடை கூறுமாறு மாணவரை வற்புறுத்துதல் ஆகாது. எனவே அவசரப்பட வேண்டியதில்லை. அத்துறையில் இப்பொழுது படிக்கும் மாணவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு உறுதி? கோடைக்காலத்துக்கும் உண்டா? அவ்வூரில் வீட்டு வாடகை என்ன? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், அவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர்? வழிகாட்டும் ஆசிரியர் மாணவரின் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்கிறவரா? துறையின் புகழைவிட இக்கேள்விகளின் விடையே ஆறாண்டு வாழ்க்கையை நடத்தும். அழைப்பு இரண்டு இருந்தால், வேண்டாததை விரைந்து விடுவித்துவிட வேண்டும். அந்த இடத்துக்காக எங்கோ ஒரு பிள்ளை காத்திருக்கும்.

நேயர்களே, தேர்தல் நாளன்று வரிசையில் நிற்கும் நாம் எல்லோரும் அரசியலில் பங்காளிகளே. ஆயினும், ஆட்சி ஏன் ஓரூரில் நன்றாக நடக்கிறது, அடுத்த ஊரில் ஏன் கெடுகிறது என்று பொறுமையாக ஆராய்ந்து சொல்லுவோர் ஒரு நாட்டுக்குச் சிலராவது வேண்டும். கட்சி சார்ந்து சொல்வோர்க்குக் குறைவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்வோர்க்கே குறைவு. அப்பணிக்குச் செல்ல விரும்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ‘என்ன வேலை கிடைக்கும்?’ என்று கேட்குமுன், ‘உன் கேள்வி என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை தெளிவாக வருமானால், விண்ணப்பக் கட்டணத்துக்கு வழி செய்து கொடுங்கள். தெளிவாக வராவிட்டால், இன்னும் ஓராண்டு படிக்கச் சொல்லுங்கள். இரண்டுமே அப்பிள்ளைக்குச் செய்யும் உதவிதான்.